தாம்பரம் பக்கத்து மழையில் வண்டி எடுக்கும் முன்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் பேச்சே மாறிவிடும். கேம்ப் ரோடு டீக்கடையில் வண்டியை நிறுத்துகிற எல்லோரும் அதே இரண்டு கேள்வியைத்தான் கேட்பார்கள். "முடிச்சூர் ரோட்டுல தண்ணி ஏறிடுச்சா? நாராயணபுரம் வழியா போலாமா?" கேட்பவர் பைக்கில் வந்தவராக இருக்கலாம், காரில் வந்தவராக இருக்கலாம். பதில் தெரிந்த ஒருவர் அங்கே கண்டிப்பாக இருப்பார்.

மழையில் பாதுகாப்பாக ஓட்டுவது எப்படி என்று எங்கே படித்தாலும் வைப்பர் ரப்பரை மாற்றுங்கள், டயரைப் பாருங்கள், மெதுவாகப் போங்கள் என்றுதான் ஆரம்பிப்பார்கள். எல்லாம் சரியே. நானும் அவற்றுக்கு வருவேன். ஆனால் தாம்பரம், பெருங்களத்தூர், மேடவாக்கம், பள்ளிக்கரணை என்று இந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் அதற்கும் முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் தெருவில் விழும் மழை எந்தப் பக்கம் போகிறது, வழியில் எந்தச் சாலையைக் குறுக்கே கடக்கிறது என்பதுதான் அது.

இந்த ஊர்கள் எல்லாம் ஏரிகளின் ஊர்கள். ஒரு ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும், அது நிறைந்தால் அதற்கடுத்த ஏரிக்கு. சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இறங்கி, கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளம் பக்கம் கடலில் கலக்கும். இது கிழக்குப் பக்கம். மேற்கே கதை வேறு. கூடுவாஞ்சேரி, ஆதனூர், மணிமங்கலம், மண்ணிவாக்கம் பகுதித் தண்ணீர் வரதராஜபுரம், முடிச்சூர் ஓரமாக அடையாற்றில் இறங்கும். அடையாறு அங்கிருந்து திருநீர்மலை, அனகாபுத்தூர் தாண்டி விமான நிலைய ஓடுதளத்துக்கு அடியிலேயே ஓடுகிறது.

அந்த வழிகளின் மேல்தான் நாம் சாலை போட்டிருக்கிறோம். தாம்பரம்–வேளச்சேரி சாலை இந்த ஏரிச் சங்கிலியின் ஓரமாகவே போகிறது. பல்லாவரம்–துரைப்பாக்கம் இருநூறடி சாலை கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளைத் தொட்டுக்கொண்டு போய்ச் சதுப்பு நிலத்தை ஊடறுக்கிறது. ஊரப்பாக்கம், கிளாம்பாக்கம் அருகே ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர்க் காட்டுப் பக்கத்துத் தண்ணீர் குறுக்கே வருகிறது. அதனால்தான் ஒவ்வொரு வருடமும் அதே இடங்களில் தண்ணீர் நிற்கிறது. வடிகால் கட்டிய இடங்களில் கொஞ்சம் குறைந்திருக்கிறது, உண்மை. என்றாலும் பெருமழை வந்தால் தண்ணீர் தன் பழைய வழியைத்தான் தேடும்.

2015 டிசம்பர் 1 காலை எட்டரையிலிருந்து மறுநாள் காலை எட்டரைக்குள் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வது சராசரியாக 140 சென்டிமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில் நம் தலையில் கொட்டியது. அன்று முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளில் முதல் மாடி வரை ஏறிய தண்ணீரில் எத்தனை வண்டிகள் மூழ்கிப் போயின என்பது அந்தப் பகுதி மெக்கானிக்குகளுக்குத்தான் தெரியும். விமான நிலையமே டிசம்பர் 6 வரை மூடிக் கிடந்தது.

அந்த வருடம் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மழை விட்டதும் ஆபத்து முடிவதில்லை. ஆதனூரிலும் மணிமங்கலத்திலும் பெய்த மழை ஏரிகளை நிரப்பி, வழிந்து, கால்வாய் பிடித்து முடிச்சூருக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். "மழைதான் விட்டாச்சே, கிளம்பு" என்று வண்டியை எடுப்பவருக்கு எதிரே, வானம் வெளுத்த பிறகு, தண்ணீர் ஏறிக்கொண்டே வரும். கிழக்குப் பக்கமும் அப்படியே. நாராயணபுரம் ஏரி நிறைந்த பிறகு பள்ளிக்கரணை பக்கம் சாலையில் வரும் தண்ணீர் நேற்றைய மழையாக இருக்கலாம். எனவே வானத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மேலே உள்ள ஏரி நிறைந்துவிட்டதா, கலங்கல் ஓடுகிறதா என்று விசாரியுங்கள். தெரு வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் யாராவது படமே எடுத்துப் போடுவார்கள்.

தேங்கிய தண்ணீருக்கும் ஓடும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால் பாதி உயிர்கள் பிழைக்கும். ஓரடி ஆழத்தில் வேகமாக ஓடும் தண்ணீர் சின்னக் காரை இழுத்துவிடும், இரண்டடி ஓட்டம் பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போகும் என்று அமெரிக்க வானிலைத் துறை பல வருடமாக எச்சரித்து வருகிறது. நம்ப முடியாதவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சின்னக் காரின் அடிப்பகுதி சுமார் 3.7 மீட்டர் நீளம், 1.6 மீட்டர் அகலம், அதாவது ஏறத்தாழ 6 சதுர மீட்டர். தண்ணீர் அந்த அடிப்பகுதியைத் தொட்ட பிறகு ஏறும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் காரை 60 கிலோ அளவுக்கு மேலே தூக்கும். 900 கிலோ எடையுள்ள காரை முழுக்கத் தூக்க 15 சென்டிமீட்டர் போதும். தரைக்கும் காருக்கும் நடுவில் உள்ள இடைவெளி 17 சென்டிமீட்டர் என்று வைத்தால், மொத்தம் ஓரடிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். உள்ளே தண்ணீர் புகுந்து எடை கூடும் முன்பே டயர் தரையில் பிடிப்பை இழந்துவிடும். அதன் பிறகு ஸ்டியரிங்கும் பிரேக்கும் உங்கள் பேச்சைக் கேட்காது.

"நம்ம வண்டி எஸ்.யு.வி., உயரம் ஜாஸ்தி" என்பவர்களுக்கு: 2024 செப்டம்பரில் ஹரியானாவின் ஃபரிதாபாத்தில் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய நீரில் இறங்கிய பெரிய எஸ்.யு.வி. மூழ்கி, உள்ளே இருந்த வங்கி ஊழியர்கள் இருவர் இறந்தார்கள். அதற்கு முந்தைய வருடம் மே மாதம் பெங்களூரு கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் குடும்பத்தோடு வாடகைக் காரில் வந்த இளம்பெண் ஒருவர் இறந்தார். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 2021 செப்டம்பர் 17 இரவு புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் ரயில்வே சுரங்கப்பாதைத் தண்ணீரில் கார் சிக்கி ஓர் அரசு மருத்துவர் உயிரிழந்தார். கூட வந்த மாமியாரை மீட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உயிரைக் காப்பாற்றப் படித்த ஒருவர், மழைநீர் தேங்கி நின்ற ஒரு சுரங்கப்பாதையில், சொந்த ஊருக்குப் பக்கத்தில் போய்விட்டார்.

சப்வே என்பது தரைக்குக் கீழே தோண்டிய பள்ளம். சுற்றியுள்ள தண்ணீர் எல்லாம் அங்கேதான் இறங்கும். நடுவில் எவ்வளவு ஆழம் என்று வாசலில் நிற்பவருக்குத் தெரியாது, ஏனென்றால் தண்ணீரின் மேற்பரப்பு எப்போதும் சமமாகத்தான் இருக்கும். சரிவு முழுவதும் அதற்கு அடியில் ஒளிந்திருக்கும். நம் பக்கத்தில் ரயில் பாதையைக் கடக்க இரும்புலியூர், குரோம்பேட்டை, பழவந்தாங்கல், தில்லை கங்கா நகர் என்று வரிசையாகச் சப்வேக்களை நம்பித்தான் வாழ்கிறோம். என் கருத்தில் இதில் விவாதத்துக்கே இடமில்லை: மழை நாளில் சப்வேயில் தண்ணீர் தெரிந்தால் இறங்கக் கூடாது. முன்னால் போன வண்டி கடந்துவிட்டதே என்பது காரணமாகாது. அவர் கடந்த பிறகு தண்ணீர் ஏறியிருக்கலாம். தடுப்பு வைக்கவில்லையே என்பதும் காரணமாகாது, தடுப்பு காற்றில் விழுந்து கிடக்கலாம். மேம்பாலம் தேடிப் போக இருபது நிமிடம் கூடுதலாக ஆகும். ஆகட்டும்.

தப்பித் தவறிக் கார் தண்ணீரில் சிக்கிவிட்டால் செய்ய வேண்டியதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். முதலில் சீட் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். உடனே பக்கத்துக் கண்ணாடியை இறக்க வேண்டும், மின்சாரம் இருக்கும் அந்தச் சில நிமிடத்திலேயே. கதவோடு மல்லுக்கட்டக் கூடாது. ஒரு மீட்டர் அகலக் கதவில் வெளியே இரண்டடித் தண்ணீர் நின்றால் சுமார் 180 கிலோ அழுத்தம் அதன் மேல் இருக்கும். கண்ணாடி இறங்கவில்லை என்றால் சீட்டின் தலைசாய்வைக் கழற்றி, அதன் இரும்புக் கம்பியால் பக்கத்துக் கண்ணாடியின் மூலையில் ஓங்கி அடிக்க வேண்டும். முன் கண்ணாடியை உடைக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். அது இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம் ஒட்டியது, விரிசல் விடுமே தவிர வழி விடாது. முதலில் குழந்தைகளை வெளியே அனுப்பி, கார் கூரை மேல் ஏற்றுங்கள். லேப்டாப் பை உள்ளேயே கிடக்கட்டும்.

வண்டியைக் காப்பாற்றுவது பற்றியும் ஒரு வார்த்தை. தண்ணீரில் நின்றுபோன இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் பிஸ்டன் மேலே வரும்போது காற்றை அழுத்துவதுபோல் தண்ணீரை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும், ஆயிரங்களில் முடிய வேண்டியது லட்சத்துக்குப் போகும். சாதாரண இன்சூரன்ஸ் பாலிசியில் இப்படி ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்துக்குப் பணம் தரத் தயங்குவார்கள். 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் காப்பீடு தனியாக இருக்கிறது. ஏரிப் பக்கம் குடியிருப்பவர்கள் புதுப்பிக்கும்போது அதைக் கேட்டு வாங்குவது நல்லது. தண்ணீர் ஏறும் என்று தெரிந்தால் காரை முதல் நாளே மேடான இடத்துக்குக் கொண்டுபோய் விடுங்கள். 2024 அக்டோபரில் சிவப்பு எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தின் ஓரத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்தினார்கள். 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் வண்டியைத் தண்ணீருக்குக் கொடுத்தவர்கள் அவர்கள். அதைக் கேலி செய்தவர்களை எனக்குப் பிடிக்கவில்லை. என்றாலும் மேம்பாலத்தின் ஒரு பக்கம் கார்களால் நிரம்பினால் அங்கே போகிற பைக்காரருக்கு ஆபத்து. வார்டுக்கு ஒரு மேட்டு நிலத்தை மாநகராட்சியே மழைக்காலத்துக்கு என்று ஒதுக்கித் தரலாம்.

இனி இருசக்கர வண்டி. மழையில் நான் அதிகம் கவலைப்படுவது இவர்களைப் பற்றித்தான். காரில் இருப்பவருக்குச் சுற்றிலும் தகரமாவது இருக்கிறது.

முதல் மழை நாளில்தான் சாலை மிகவும் வழுக்கும். கோடை முழுக்கச் சிந்திய ஆயிலும் டயர்த் துகளும் தூசியும் சேர்ந்து லேசான தூறலில் பசையாகிவிடும். நன்றாகக் கொட்டிக் கழுவிய பிறகுதான் பிடிப்பு கொஞ்சம் திரும்பும். ஆகவே கனமழையைவிடத் தூறலின் முதல் அரை மணி நேரத்துக்கு அதிகம் பயப்படுங்கள். சிக்னலில் போட்டிருக்கும் வெள்ளைக் கோடு, மேன்ஹோல் இரும்பு மூடி, மேம்பாலத்தில் இரண்டு பகுதி சேரும் இடத்து இரும்புப் பட்டை, தண்ணி லாரி திரும்பும் முனையில் படிந்த மணல் ஆகிய நான்கின் மேலும் வண்டி நேராக இருக்கும்போதுதான் ஏற வேண்டும். அவற்றின் மேல் சாய்க்கவும் கூடாது, பிரேக் பிடிக்கவும் கூடாது.

125 சி.சி.க்குமேல் உள்ள வண்டிகளில் 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். வருகிறது. அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் நிற்கும் தூரத்தைக் குறைத்துத் தரும் என்று எண்ண வேண்டாம். ஈரச் சாலையில் பிடிப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வறண்ட சாலையில் பிரேக் பிடித்த பிறகு 20 மீட்டரில் நிற்கிற வண்டிக்கு ஈரத்தில் 35 மீட்டர் வேண்டும். அதற்கு முன் கண் பார்த்துக் கை பிடிக்கிற ஒன்றரை விநாடியிலேயே 25 மீட்டர் போயிருப்போம். மொத்தம் 60 மீட்டர். ஜி.எஸ்.டி. சாலையில் முன் வண்டிக்குப் பின்னால் அவ்வளவு இடம் விட்டு யார் போகிறார்கள்? ஆக வேகம்தான் குறைய வேண்டும். நாற்பதில் போனால் இந்தக் கணக்கு சுமார் 32 மீட்டராகிவிடும்.

மொட்டை டயரோடு மழைக்காலத்துக்குள் நுழையாதீர்கள். கார் டயரின் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது சட்டம். டயர்ப் பள்ளங்களுக்குள்ளேயே சின்ன மேடாக அடையாளம் இருக்கும், அதுவரை தேய்ந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். அந்தப் பள்ளங்களின் வேலை டயருக்கு அடியில் உள்ள தண்ணீரை வெளியே தள்ளுவது. தள்ள முடியாத வேகத்தில் போனால் வண்டி தண்ணீரின் மேல் மிதந்து வழுக்கும். ஈரமான ஓடுதளத்தில் விமானங்கள் வழுக்குவதை 1960-களில் ஆராய்ந்த நாசா, இந்த வேகம் டயரில் உள்ள காற்றழுத்தத்தைப் பொறுத்தது என்று கண்டுபிடித்தது. காற்று குறைந்தால் குறைந்த வேகத்திலேயே வழுக்கும். மழைக்காலத்தில் டயர்க் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்று சிலர் சொல்கிறார்கள். தவறு. கம்பெனி சொன்ன அளவு காற்றையே வையுங்கள். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் காலியாக இருக்கிறதே என்று நூறில் பறப்பவர்களுக்கு இது மிக முக்கியம்.

பின்னால் உட்கார்ந்து குடை பிடிப்பதை இந்த ஊரில் யாராவது தடுத்து நிறுத்த வேண்டும். பள்ளி விடும் நேரத்தில் தினமும் பார்க்கலாம். அம்மா ஸ்கூட்டியை ஓட்ட, பிள்ளை குடையை விரித்துப் பிடித்திருக்கும். எதிரே ஒரு லாரி வீசிவிட்டுப் போகும் காற்று போதும், குடை புரண்டு இழுக்க, வண்டி சாய்ந்துவிடும். பிள்ளை நனையட்டும் அம்மா, வீட்டுக்குப் போய்த் துவட்டிக்கொள்ளலாம். அல்லது ஒரு கடை ஓரமாகக் கால் மணி நேரம் நில்லுங்கள். ரெயின்கோட் வாங்கும்போது பேன்ட்–சட்டையாக வருவதை வாங்குங்கள், பின்னால் தொங்கும் போர்வை மாதிரி உள்ளது சக்கரத்தில் சிக்கும். மஞ்சளோ ஆரஞ்சோ வாங்குங்கள், கறுப்பு வேண்டாம். இருட்டில் பின்னால் வரும் பஸ் டிரைவருக்கு உங்களைத் தெரிய வேண்டும்.

தண்ணீர் தேங்கிய தெருவில் ஓரமாகப் போகாதீர்கள். பெரும்பாலான சாலைகளுக்கு நடுப்பகுதிதான் மேடு. ஓரத்தில்தான் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய குழியும் திறந்த மூடியும் இருக்கும். தெரியாத தெருவில் முட்டிக்குமேல் தண்ணீர் என்றால் இறங்காதீர்கள், தள்ளிக்கொண்டும் போகாதீர்கள். கணுக்கால் அளவு என்றால் முதல் கியரில், ஆக்ஸிலேட்டரை விடாமல், ஒரே சீராகக் கடந்துவிடலாம். எதிரே மாநகரப் பேருந்து வந்தால் அது எழுப்பும் அலை அடங்கும்வரை காத்திருங்கள். கடந்த பிறகு பிரேக்கை மெதுவாக இரண்டு மூன்று முறை அழுத்திக் காய வையுங்கள், நனைந்த டிரம் பிரேக் முதல் அழுத்தத்தில் பிடிக்காது. எலக்ட்ரிக் ஸ்கூட்டர்களில் ஐ.பி. 67 என்று போட்டிருப்பதை நம்பி வெள்ளத்தில் இறங்குகிறவர்கள் உண்டு. அது நிற்கும் தண்ணீரில் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் வைத்துச் செய்யும் சோதனை. அதற்கும் நாராயணபுரத்தில் ஓடும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை.

மின்கம்பி அறுந்து கிடந்தாலும், தெருவோர மின்பெட்டி தண்ணீரில் நின்றாலும் பக்கத்தில் போகாமல் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். மாவட்டப் பேரிடர் எண் 1077.

இன்னொன்று, மழையில் பகலிலும் ஹெட்லைட் எரியட்டும். நான்கு இண்டிகேட்டரையும் சிமிட்டவிட்டுக்கொண்டு ஓட்டுவது பழக்கமாகிவிட்டது, அது நின்ற வண்டிக்கு உரியது. ஓடும்போது போட்டால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புவீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது.

இவ்வளவும் ஓட்டுகிறவர் கையில் உள்ளவை. ஆனால் மழை நாளில் நடக்கும் பல விபத்துகளுக்கான முடிவை ஓட்டுகிறவர் எடுப்பதில்லை. சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும் மகேந்திரா சிட்டியிலும் மெப்ஸிலும் வேலை செய்பவர்கள் இரவு எட்டு மணிக்கு, மழை வெளுத்து வாங்கும்போது, வண்டியை எடுக்கிறார்கள். காரணம், அதற்கு முன்னால் அவர்களை யாரும் விடவில்லை. வானிலை மையத்தின் ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் 24 மணி நேரத்தில் 12 முதல் 20 சென்டிமீட்டர் மழை எதிர்பார்க்கிறார்கள் என்று பொருள், சிவப்பு என்றால் அதற்கும் மேலே. பள்ளிக்கு விடுமுறை விடும் அன்று பெற்றோருக்கு மட்டும் வழி எப்படித் திறந்திருக்கும்?

வீட்டில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மழையில் கிளம்பியவருக்குப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் செய்யாதீர்கள். பாக்கெட்டில் அடிக்கும் அந்த போனுக்காக அவர் ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுப்பார். "எங்கே இருக்கே?" என்று கேட்பதற்குப் பதிலாக, "தண்ணி இருந்தா ஆபீஸ்லயே தங்கிடு, காலைல வா" என்று கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆட்களை வைத்து வேலை வாங்குகிற மேலாளர்களே, கடை முதலாளிகளே, உங்களிடமும் கேட்கிறேன். ஆரஞ்சு எச்சரிக்கை வந்த நாளில் மதியம் இரண்டு மணிக்கே அனுப்பிவிடுங்கள். முடிச்சூருக்கும் மேடவாக்கத்துக்கும் வெளிச்சம் இருக்கும்போதே அவர்கள் போய்ச் சேரட்டும்.